குளிசை போட்டனியோ?

அந்த வீட்டில் எனக்குக் கோபப்பட உரிமை இருக்கவில்லை. இதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொல்கிறேன். சோறு குழைந்துவிட்டது என்று முகத்தைச் சுளித்தால் போதும், அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கண்ணைப் பார்ப்பாள்.

"குளிசை போட்டனியோ?"

வானொலியில் வந்த பகிடிக்குக் கொஞ்சம் உரக்கச் சிரித்தாலும் அதே கேள்விதான். குளிக்கும்போது வாய்க்குள் ஒரு பாட்டு வந்தால் கதவுக்கு வெளியே இருந்து அதே கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு காரணமும் இல்லாமல், சும்மா மழை பெய்கிறதே என்று அழுதேன். தண்ணீர்க் கோப்பையும் மாத்திரையுமாக வந்து நின்றாள். மழைக்கு அழுகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர்! அவர்களை எல்லாம் ஒருவரும் கேட்பதில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஓர் ஒழுங்கை. அதில் ஒரு மேல்மாடி வீடு. அக்கா, அத்தான், நான். ஊரில் சண்டை மூண்டபோது கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிக்கொண்டு கொழும்புக்கு வந்தவர்கள் நாங்கள். அத்தானுக்குப் புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் வேலை. எனக்குக் கொட்டாஞ்சேனையில், கப்பலில் வரும் சாமான்களைச் சுங்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் முப்பது வயதில் நான் அவளுக்குப் பிள்ளையாகிவிட்டேன்.

என் வருத்தத்துக்கு டொக்டர் ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். பைபோலர். அத்தான் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பேர் நல்லாத்தான் இருக்கு" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த நேரம் எங்களுக்குச் சிரிக்க வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த வருத்தத்தைப் பற்றி ஆளுக்கொரு விளக்கம். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி நல்ல மனம் படைத்த கத்தோலிக்கப் பெண். விஷயத்தை அவளுக்கு மட்டும் சொன்னேன். "ஒரு நாள் சிரிக்கிறது, அடுத்த நாள் அழுறது, அதுதானே? எனக்கும் அப்பிடித்தான், கவலைப்படாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்படி இல்லை. எனக்கும் அப்படி இல்லை. ஏறினால் வாரக்கணக்கு, இறங்கினால் மாதக்கணக்கு, நடுவில் பெரும்பாலான நாட்கள் மற்றவர்களின் நாட்களைப் போலவே பஸ்ஸும் பாணும் பருப்புமாகப் போகும். நடுவிலும் நான் இருக்கிறேன் என்பதைத்தான் ஒருவருக்கும் விளங்கவைக்க முடியவில்லை.

கீழ்வீட்டு அன்ரிக்கு இன்னொரு விளக்கம். "நாட்டுப் பிரச்சினை பிள்ளை. ஆருக்குத்தான் மனம் சரியா இருக்கு?" சண்டையால் வந்தது, சண்டை நின்றால் போய்விடும் என்பது அவரது முடிவு. அப்படிப் பார்த்தால் வெள்ளவத்தை முழுவதற்கும் என் லிதியம் குளிசையைக் கொடுக்க வேண்டும். சிலர் மனத்திடம் போதாது என்றார்கள். சிலர் கல்யாணம் கட்டினால் சரியாகும் என்றார்கள். கட்டப்போகிறவன் பாவம் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பிழை எது தெரியுமா? நான் சந்தோஷமாக இருந்தால் சுகமாக இருக்கிறேன் என்று நினைத்தது. முதல் தரம் எனக்கு ஏறியபோது வீட்டில் எல்லோருக்கும் பரம திருப்தி. ஊரில் இருந்து வந்த நாள் முதல் உம்மென்று இருந்தவள் கலகலவென்று கதைக்கிறாள், விடிய எழும்பி வீடு கூட்டுகிறாள், நித்திரையே தேவைப்படவில்லை, கடைக்காரர்களோடு சிங்களத்தில் வெளுத்து வாங்குகிறாள். "இப்பதான் பிள்ளைக்கு முகத்தில ஒரு களை வந்திருக்கு" என்று அன்ரி அக்காவிடம் சொன்னாராம். அந்தக் களையோடு நான் தினமும் காலி வீதிச் சோதனைச் சாவடியில் நின்று, இந்த யுத்தத்தை எப்படி நிறுத்தலாம் என்று ஆமிக்காரர்களுக்கு விளங்கப்படுத்தினேன். இரண்டு பக்கத்தாரையும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, நான் நடுவில் இருந்து பேசினால் முடிந்துவிடும். அவ்வளவு தெளிவாக இருந்தது எனக்கு.

ஒரு ஞாயிறு ஓர் ஆமிக்காரர் உண்மையாகவே வந்துவிட்டார். சீருடை இல்லை. தலையை வாரி, கையில் ஒரு பிஸ்கட் பெட்டியோடு கதவைத் தட்டினார். கதவைத் திறந்த அத்தானுக்கு உயிர் போய் வந்தது. அந்த மனிதர் கதிரை நுனியில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, என் பேச்சையும் கேட்டுவிட்டு, போகும்போது அத்தானிடம் மெதுவாக ஏதோ சொன்னார். தங்கச்சிக்குச் சுகமில்லைப் போல, டொக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒழுங்கையில் அதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் ஆமிக்காரர் வந்து போன வீடு என்று எங்களோடு கதைப்பதை நிறுத்தியவர்கள் பலர்.

டொக்டர் சிங்களவர், வயதானவர், பொறுமையானவர். ஆங்கிலத்தில் கேட்டார். யாரோ உன்னைப் பின்தொடர்வதாகத் தோன்றுகிறதா? பொலிஸ் உன்னைத் தேடுவதாக நினைக்கிறாயா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டொக்டர், போன கிழமை விடிய வந்து எல்லாரையும் வீதியில இறக்கி நிறுத்தி வைச்சவை. அதைத் தோன்றுதெண்டு சொல்லுறதோ, நடந்ததெண்டு சொல்லுறதோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவே இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

அவர்தான் லிதியம் தந்தார். அது நித்திரைக் குளிசை அல்ல, பழக்கப்படுத்தும் சாமானும் அல்ல, ஒருவகை உப்பு என்றார். சுகமாக இருக்கும்போதும் போட வேண்டும், சுகமாக இருப்பதே அதனால்தான் என்றார். அளவு கூடினால் நஞ்சு, அதனால் இடைக்கிடை இரத்தம் சோதிக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடி, சாப்பாட்டில் உப்பைக் குறைக்காதே, உப்பும் தண்ணீரும் குறைந்தால் மருந்து உடம்பில் தேங்கிவிடும் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து இதை எல்லாம் அக்காவுக்கு ஒப்பித்தேன். அவள் தலையை ஆட்டினாள். அவள் காதில் விழுந்தது ஒன்றுதான். குளிசை தவறக்கூடாது. அதைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் பக்கத்தில், பைத்தியமா என்று கேட்கும் "உனக்கென்ன விசரோ?" என்பது மூச்சுக்கு ஒரு தரம் சொல்லும் வார்த்தை. கத்தரிக்காய் முற்றல் என்றால் கடைக்காரனுக்கு விசர், பஸ் பிந்தினால் சாரதிக்கு விசர். டொக்டரிடம் போய் வந்த நாளில் இருந்து அந்த வார்த்தை எங்கள் வீட்டில் கேட்கவே இல்லை. அத்தான் ஒரு தரம் பாதி சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கடையில் நடந்த வேறு ஏதோ கதைக்குப் போனார். இந்த மரியாதையில் எனக்கு மூச்சு முட்டியது.

லிதியம் எனக்குப் பொருந்தியது. இரண்டு வருடம் போல ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கை லேசாக நடுங்கும், தாகமெடுக்கும், கொஞ்சம் பருத்தேன், அவ்வளவுதான். காலையில் பஸ், மாலையில் பஸ், நடுவில் தட்டெழுத்து. அக்கா மட்டும் காவல் நின்றாள். அதோடு, இப்போது சுகமாக இருக்கிறாள், கடவுளிடம் கேட்டால் ஒரேயடியாகச் சுகமாகிவிடும் என்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி. அக்கா எனக்காக நேர்த்தி வைத்துவிட்டாள். ஆறு நாளும் நான் விரதம் பிடிக்க வேண்டும், கடைசி நாள் கோயிலில் சூரன்போர் பார்க்க வேண்டும், அடுத்த நாள் விடியப் பாறணைச் சோற்றோடு முடிக்க வேண்டும். பொழுதுபட ஒரு கோப்பை பாலும் பழமும். அதற்கிடையில் தண்ணீர் கூட இல்லை. உப்பு நாக்கில் படக்கூடாது. எங்கள் அம்மா பிடித்த முறை அது என்றாள்.

"என்னால ஏலாது. டொக்டர் உப்பை விடக்கூடாதெண்டு சொன்னவர்."

"அவருக்கு எங்கட விரதத்தைப் பற்றி என்ன தெரியும்? விரதம் பிடிச்சு ஆருக்கும் ஒண்டும் நடந்ததில்ல."

"ஆரும் இந்தக் குளிசை போடேல்லை, அக்கா!"

"நேர்த்தி வைச்சாச்சு. பிடிக்காட்டில் அது பெரிய குற்றம்."

"நீ வைச்ச நேர்த்தியை நீ பிடி! என்ர உடம்பு, என்னைக் கேக்காமல் ஏன் வைச்சனி? எப்ப பாத்தாலும் இதே வேலை உனக்கு!" நான் கத்திவிட்டேன். நன்றாகவே கத்தினேன். கையில் இருந்த கோப்பையை மேசையில் அடித்து வைத்ததில் தேத்தண்ணி சிந்தியது.

அக்கா சிந்திய தேத்தண்ணியைப் பார்த்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்தாள்.

"இண்டைக்குக் குளிசை போட்டனியோ?"

என்ன செய்வது, சொல்லுங்கள். இன்னும் கத்தினால் வருத்தம் முற்றிவிட்டது. அழுதால் வருத்தம் மாறி வந்துவிட்டது. சிரித்தால் கதையே வேண்டாம். நான் சொன்னது சரி, ஆனால் சரியானதைக் கோபமாகச் சொன்னதால் அது செல்லாது. அத்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஆறு நாள்தானே, அக்காவின்ர மனத்துக்கு" என்றார். களைத்துப்போனேன். ஓம் என்றேன்.

முதல் நாட்கள் ஒருமாதிரிப் போயின. அலுவலகத்தில் தொண்டை காய்ந்து இருந்தேன். பக்கத்து மேசைக்காரி குடிக்கச் சொல்லிச் சோடா நீட்டினாள், விரதம் என்றதும் பயபக்தியோடு திருப்பி எடுத்துக்கொண்டாள். பிறகு கை நடுங்கத் தொடங்கியது. எப்போதும் இருக்கும் லேசான நடுக்கம் அல்ல, கரண்டியைப் பிடிக்க முடியாத நடுக்கம். ஐந்தாம் நாள் வேலைக்குப் போகவில்லை. குடித்த பால் வாந்தியாக வந்தது. சுவரைப் பிடித்து நடந்தேன். வார்த்தைகள் வாயில் இருந்து பாதி உருண்டு பாதி ஒட்டிக்கொண்டு வந்தன.

அக்கா பயந்துபோனாள். நடுங்குகிறாள், உளறுகிறாள், கண் சொருகுகிறது. வருத்தம் திரும்பி வந்துவிட்டது. வருத்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியுமே. அன்று பின்னேரம் வழமையைவிட ஒரு குளிசை கூடத் தந்தாள். அடுத்த நாள் காலை இன்னொன்று. என் தலையை மடியில் வைத்து, வாயைத் திறந்து, ஒரு மிடறு தண்ணீரோடு அவளே போட்டுவிட்டாள். அவளுடைய கை அவ்வளவு மெதுவாக இருந்தது.

சூரன்போருக்குப் போகாவிட்டால் விரதம் பூர்த்தியாகாது. பொழுது சாயும் நேரம், அக்கா ஒரு பக்கம், அத்தான் மறுபக்கம், காலி வீதியால் என்னைக் கோயிலுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அன்றைக்கு எனக்கு நினைவு துண்டுதுண்டாகத்தான் இருக்கிறது. இடையில் விட்டுப்போனவற்றை அத்தான் பிறகு சொன்னார். சாவடியில் மண்மூட்டைகள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அத்தான் அங்கால் போக வேண்டியிருந்தது. ஒரு பக்கப் பிடி விட்டதும் நான் ஆடினேன்.

பொலிஸ்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பீலாத?" குடித்திருக்கிறாயா என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். என்ன மொழியில் சொன்னேனோ, அது எந்த மொழியாகவும் வெளியே வரவில்லை. கைப்பையைத் திறந்தாள். சூரன்போர் பார்க்கிற இடத்திலும் தவறக்கூடாது என்று அக்கா வைத்திருந்த குளிசைப் பட்டை கையில் அகப்பட்டது. அதைத் தூக்கிப் பிடித்தாள். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பையில் பெயர் தெரியாத மருந்து, அவளோ நடுங்குகிறாள், வியர்க்கிறாள், பேச்சு இல்லை. அவளுக்குப் பின்னால் நின்ற ஆமிக்காரனின் துவக்கு கொஞ்சம் நிமிர்ந்தது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற பெண்கள் பின்னுக்குப் போனார்கள்.

அப்போதுதான் அக்கா, சந்தைச் சிங்களம் மட்டும் தெரிந்த என் அக்கா, உரக்கச் சொன்னாள்.

"அனே மிஸ், மகே நங்கி! நங்கிட பிஸ்ஸு!"

என் தங்கச்சி, அவளுக்கு விசர். இரண்டு வருடமாக வீட்டுக்குள் தமிழில் ஒருவரும் உச்சரிக்காத சொல்லை, காலி வீதியில், சனத்துக்கு முன்னால், சிங்களத்தில் சொன்னாள். துவக்கு இறங்கியது. பொலிஸ்காரியின் முகம் மாறியது. "அனே, பவ்" என்று பாவப்பட்டு, குளிசையைப் பைக்குள் போட்டுப் பையை மூடித் தந்தாள்.

எனக்குக் கால் மடிந்தது. மண்மூட்டையில் சாய்ந்தபடி அக்காவின் சேலையைப் பிடித்து, "உப்பு" என்றேன். இது எனக்கு நல்ல நினைவு. மருந்து தேங்கிவிட்டது என்று சொல்ல வலு இல்லை, அந்த ஒரு சொல்தான் வந்தது. "உப்பு, அக்கா."

அவள் குனிந்து என் நெற்றியைத் துடைத்தாள். "பொறம்மா, இன்னும் கொஞ்ச நேரந்தான். விடிஞ்சால் பாறணை. உப்பும் புளியுமா வடிவா சமைச்சுத் தாறன்."

பொலிஸ்காரிதான் கையைக் காட்டி ஓர் ஓட்டோவை மறித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று அதட்டியிருக்கிறாள். இல்லாவிட்டால் அக்கா என்னைச் சூரன்போருக்குத்தான் கொண்டு போயிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். அதில் மருந்தின் அளவு எவ்வளவு என்று அவர்களுக்குச் சொன்னபோது அங்கிருந்த இளம் டொக்டரின் குரல் சரியில்லை என்று அத்தான் சொன்னார். பிழைப்பாளா என்று அத்தான் கேட்டதற்கு, பார்ப்போம் என்று மட்டும் சொன்னாராம். என் கையில் ஊசி குத்திப் போத்தலைத் தொங்கவிட்டார்கள். அக்கா கட்டில் காலடியில் திருநீற்றுப் பொட்டலத்தோடு நின்றாள். போத்தல் முடிய இன்னொன்று மாட்ட வந்த தாதியிடம், இது என்ன பெரிய மருந்து என்று கேட்டாள். தாதி வேலையை நிறுத்தாமல் சொல்லிவிட்டுப் போனாள்.

"லுணு வத்துர."

உப்புத் தண்ணீர். அக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அத்தான் எழுப்பியும் எழும்பவில்லையாம்.

நான் பிழைத்து வந்தது உங்களுக்குத் தெரிகிறது, இதை எழுதுகிறேனே. வீட்டுக்கு வந்த பிறகு அக்கா வேறு ஆளாகிவிட்டாள். அந்தக் கேள்வி நின்றுபோனது. ஆனால் அதற்குப் பதிலாக வந்தது அதைவிடப் பெரிய கரைச்சல். நான் என்ன சொன்னாலும் ஓம். சோற்றில் உப்பு, பருப்பில் உப்பு, பழத்திலும் உப்பு. நான் இருமினால் எழும்பி நின்றாள். முன்பு என்னை நோயாளியாகப் பார்த்தாள், இப்போது தான் உடைத்துவிட்டு ஒட்டி வைத்த சாமானாகப் பார்த்தாள். இரண்டிலும் நான் இல்லை. தனியாக இருப்பது போல் இருந்தது, மூன்று பேர் உள்ள வீட்டில்.

ஒரு நாள் பின்னேரம் வேலையால் வந்து படியேறும்போது, கீழ்வீட்டு அன்ரி கதவைத் திறந்து, "வயித்துக்குத்து இப்ப எப்பிடிப் பிள்ளை? கொத்துரொட்டி சாப்பிட்டுத்தானாமே" என்றார். மேலே போனேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் சாய்ந்து கிடந்து பேப்பர் பார்த்தார்.

"எனக்கு வயித்துக்குத்தோ?" என்றேன்.

அக்கா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"காலி வீதியில, ஊர் உலகத்துக்கு முன்னால, என்னை விசரி எண்டு கூவத் தெரியுது. கீழ இருக்கிற மனிசிக்கு மட்டும் கொத்துரொட்டி. உனக்கு நான் என்னெண்டுதான் சொல்லித்தொலையன்!" நான் பையை எறிந்தேன். கதிரையில் பட்டுச் சாமான்கள் எல்லாம் சிதறின.

அக்கா நிமிர்ந்தாள். என் கண்ணைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் அடுத்து என்ன வரும் என்று. அந்தக் கேள்விக்காக நின்றேன்.

"துவக்குக்கு முன்னால நிண்டு வேற என்னத்தையடி சொல்லச் சொல்லுறாய்?" கத்தியைத் தட்டில் போட்டுவிட்டு எழும்பினாள். குரல் கிறீச்சிட்டது. "வியாக்கியானமோ சொல்லுறது? சுட்டிருப்பாங்களடி! உனக்கென்ன விசரோ? ஓம், அன்ரிக்குப் பொய்தான் சொன்னனான். என்ன சொல்ல? நான்தான் என்ர கையால என்ர தங்கச்சிக்கு நஞ்சு பருக்கினனான் எண்டு சொல்லவோ? நீ அண்டைக்கே கத்தினனி. உப்பு வேணுமெண்டு கத்தினனி. நான் உன்ர சொல்லைக் கேட்டனானோ? குளிசையைத்தானே கேட்டனான்!"

வெங்காயத்தாலோ எதாலோ முகம் முழுக்கத் தண்ணீர். நானும் விடவில்லை. கேட்காமல் நேர்த்தி வைத்ததில் தொடங்கி, என் சட்டையைத் துவைத்துச் சாயம் போக்கியது வரை எடுத்தேன். அவள் ஆமிக்காரரின் பிஸ்கட் பெட்டிக் கதையை எடுத்தாள். ஒழுங்கையில் முகம் கொடுத்துத் தான் பட்ட பாட்டை எல்லாம் எடுத்தாள். அதுவரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அத்தான் பேப்பருக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் குளிசை போட்டனீங்களோ?" என்றார்.

"நீங்க வாயை மூடுங்கோ!" என்றோம் இரண்டு பேரும்.

கீழ்வீட்டில் எல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும். குரல் அடைக்கும் வரை சண்டை பிடித்துவிட்டு, அக்கா திரும்ப வெங்காயத்துக்கு முன்னால் இருந்தாள். நான் சிதறியவற்றைப் பொறுக்கினேன். கதிரைக்கடியில் குளிசைப் பட்டை கிடந்தது. அக்கா அதைக் கண்டாள், பார்த்துவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள்.

ஒருவரும் கேட்கவில்லை. நானே தண்ணீர் வார்த்துப் போட்டுக்கொண்டேன்.